மருத்துவ விடுப்பில் போன பாட்டு

நாட்டிலேயே முதன்முதலாக மருத்துவ விடுப்பு எடுத்த பாட்டு எங்கள் ஊர்ப் பாட்டுதான். தொண்டை கட்டிக்கொண்டு, அரசு மருத்துவமனையின் பொது வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் அது படுத்திருந்தது. அந்த வருடம் தக்காளி மலிந்தது, சிமெண்ட் விலை ஏறியது, தண்ணீர்த் தொட்டிக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தார்கள், பாட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தது. எதையும் முதலில் செய்யும் வழக்கம் இல்லாத ஊர் எங்களுடையது. பக்கத்து ஊரில் குழாய் வந்து, அங்கே அது துருப்பிடித்த பிறகுதான் எங்களுக்கு வரும். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் முந்திக்கொண்டதைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே பேசுவோம். கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பாட்டைக் கட்டியவர் டவுன் பஸ் கண்டக்டர். பஸ் நிலையத்தில் கிளம்பி, கடைத்தெரு, நீதிமன்றம், ஆஸ்பத்திரி, மாவு மில் என்று எல்லா இடத்திலும் நின்று மின் நிலையம் வரை போகும் ஒரே வண்டி அது. ஊரே அதில்தான் ஏறியாக வேண்டும். ஏறியவர்கள் எல்லாரும் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே வேர் விட்டு நிற்பார்கள். உள்ளே போகச் சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டை போன கண்டக்டர், ஒருநாள் கத்துவதற்குப் பதிலாகப் பாடிப் பார்த்தார். "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு. மூட்டைக்காரர் தள்ளி நின்னா மூணு பேருக்கு எடம் இருக்கு." ஜனம் உள்ளே நகர்ந்தது. மறுநாள் இன்னும் இரண்டு வரி சேர்ந்தது. "குடைய மடக்குங்கம்மா, கோவத்தையும் மடக்குங்க. கொஞ்சம் மனசு வச்சீங்கன்னா குடைக்கும் எடம் இருக்கு." குடைக்காரம்மா முறைத்தாள், ஆனால் மடக்கினாள். டிக்கெட்டில் ஓட்டை போடும் இடுக்கியை விரலிடுக்கில் தாளமாகத் தட்டி, மற்றக் கையால் பஸ்ஸின் தகரத்தில் அறைந்து அவர் பாடும்போது, கைக்குழந்தைகூட வரிசையில் நிற்பதுபோல அடங்கி இருக்கும். அந்தப் பாட்டு கேட்டால் வண்டி நிஜமாகவே கொஞ்சம் அகலமாகும். டெப்போவில் அளந்து பார்த்த மெக்கானிக், காலையில் ஓர் அளவும் மாலையில் ஓர் அளவும் வருகிறது என்று சொல்லிவிட்டு டேப்பை மடித்து வைத்துவிட்டார். அதற்குமேல் யாரும் அதைத் துருவவில்லை. இடம் கிடைத்தால் போதாதா?

பாட்டு வளர்ந்தது. மூட்டைக்காரர், குடைக்காரம்மா, பரீட்சைக்கு ஓடும் பிள்ளைகள், தூங்கித் தூங்கிப் பக்கத்துத் தோளில் சாயும் வக்கீல் குமாஸ்தா, தையல் மெஷினோடு ஏறிய கண்டக்டரின் சொந்த மனைவி என்று ஊரில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தரைத் தவிர. வண்டியை ஓட்டிய டிரைவர் பாட்டில் இல்லை. அவர் வேற்று ஆள் அல்ல. கண்டக்டரின் மனைவிக்குக் கூடப் பிறந்த அண்ணன். மச்சான், மாப்பிள்ளை என்று தோளில் கை போட்டுத் திரிந்தவர்கள் இருவரும். பாட்டு முதல்முறை வானொலியில் வந்த அன்று டிரைவர் கடைசி வரி வரை காத்திருந்து கேட்டார், ரேடியோவை அணைத்தார், அதோடு மாப்பிள்ளையோடு பேச்சை நிறுத்தினார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, இவருக்கும் விளங்கவில்லை. ஒரு விசில் அடித்தால் நிறுத்து, இரண்டு விசில் அடித்தால் கிளப்பு. இருவருக்கும் இடையில் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான். வருடக் கணக்காக அதை வைத்தே காலம் தள்ளினார்கள். பொங்கிக் கொண்டிருந்த சண்டையாக இருந்தால் யாராவது ஊதி அணைத்திருப்பார்கள். இது சத்தமில்லாத சண்டை. நடுவில் மாட்டிக்கொண்ட தையல்காரம்மாதான் பாவம், அண்ணனுக்குச் சட்டை தைத்தால் புருஷனுக்கு ஆகாது, புருஷனுக்குத் தைத்தால் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இந்த நிலைமையில்தான் அரசாங்கத்தின் வெகுசன இசை ஆதரவுக் கொள்கை வந்து சேர்ந்தது. மண்டபத்தில் உட்கார்ந்து கேட்கும் பெரிய சங்கீதத்தை அரசாங்கம் நெடுங்காலமாகத் தாங்கி வந்தது என்றும், ஜனங்கள் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் முணுமுணுக்கும் சங்கீதத்தை ஜனங்களைத் தவிர யாரும் தாங்கவில்லை என்றும், அந்தக் குறை இனி இருக்காது என்றும் அதன் முன்னுரையில் இருந்தது. நல்ல கொள்கைதான். எழுதியவர்கள் மனசோடு எழுதியிருந்தார்கள். ஊருக்கு ஒரு பயிற்சிக் கூடம் என்று சொன்னபடியே, நகராட்சியின் காலிக் கிடங்குக்கு மின்விசிறியும் பிளக்கும் வந்தன. மேளமும் கீபோர்டும் கிடாரும் இரவல் கொடுத்தார்கள். ஒவ்வொரு வானொலியும் பத்துக்கு நாலு பாட்டு தன் சுற்றுவட்டாரத்தில் பிறந்ததாகப் போட வேண்டும், தவறினால் உரிமம் போகும் என்று விதி வந்தது. அதோடு, பிரபலமான பாட்டுக்கு நேரடி ஆதரவு தருவதாகவும் சொல்லியிருந்தார்கள். அங்கேதான் நிதித் துறை இடித்தது. அவர்களிடம் கட்டடம், வாகனம், ஊழியர் என்று மூன்று தலைப்புகள்தான் இருந்தன. பாட்டு கட்டடம் ஆகாது. வாகனம் என்று வைத்தால் டீசல் கணக்குக் கேட்பார்கள். யோசித்து யோசித்து, பாட்டைத் தற்காலிக ஊழியராக நியமித்துவிட்டார்கள். இப்படியாக எங்கள் கண்டக்டரின் பாட்டு, கண்டக்டருக்குச் சமமான தரத்தில் அரசு வேலையில் சேர்ந்தது. அதற்குத் தனி எண்ணும் வருடாந்திர விடுப்பும் உண்டு.

எங்கள் வானொலி சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தது. அறிவிப்பு, பாட்டு போடுவது, பெருக்குவது, வாசலில் கோலிக்குண்டு விளையாடும் பிள்ளைகளைத் துரத்துவது எல்லாம் ஒரே அக்கா. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அக்காதான், அவருடைய அம்மாவே சில நேரம் அப்படித்தான் கூப்பிடுவாள். கொள்கை வந்ததும் அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தார். பத்துக்கு நாலு உள்ளூர்ப் பாட்டு வேண்டும். உள்ளூரில் பாட்டு ஒன்றுதான் இருந்தது. நாலும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று விதியில் எங்கேயும் இல்லை. ஆகவே அதே பாட்டை நாலு தடவை போட்டார். அடுத்த பத்திலும் நாலு தடவை. விடிந்ததிலிருந்து நிலையம் மூடும்வரை இப்படியே ஓடியது. எங்களுக்கு இதில் தப்பு எதுவும் தெரியவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. மிச்சமிருந்த ஆறுக்கு நேயர் விருப்பம் கேட்டார்கள், அதற்கும் நாங்கள் அதையே கேட்டோம். வேறு பாட்டுக் கட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லையா என்றால், தோன்றியது. பயிற்சிக் கூடத்துப் பக்கம் நாலைந்து பேர் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். நம்ம ஊரில்தான் ஏற்கெனவே ஒரு பாட்டு இருக்கிறதே, அதற்கு முன்னால் நாம் போய் என்ன பாடுவது என்று கூச்சம். கண்டக்டரும் சும்மா இருக்கவில்லை. யாராவது வாய்க்குள் முனகினால் போதும், "என்ன, புதுசா?" என்று புருவத்தைத் தூக்குவார். முனகல் அங்கேயே நின்றுவிடும். உள்ளே இடம் இருக்கிறது என்று ஊருக்குச் சொன்ன மனுஷன், அந்த விஷயத்தில் மட்டும் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்றார்.

முதலில் பாட்டு இரண்டாம் அடியில் நின்று மூச்சு வாங்கியது. பிறகு 'எடம்' என்கிற சொல் வெறும் காற்றாக வந்தது. அப்புறம் இருமல். ஒலிப்பதிவின்போது நீங்கள் இருமினீர்களா என்று அக்கா கண்டக்டரைக் கேட்டார், அவர் சத்தியமாக இல்லை என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்கா டேப்பைச் சுழலவிட்டபோது ஒன்றுமே வரவில்லை. டேப் சுத்தமாகக் காலி. மாடிப்படியில் யாரோ உட்கார்ந்து இருமுவது கேட்டது. போய்ப் பார்த்தால் யாரும் இல்லை, பாட்டுதான். சைக்கிள் கடைக்காரர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார், ஆவி பட்டதும் கொஞ்சம் இளகியது. டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று முடிவாகி, பாட்டைப் பஸ்ஸிலேயே ஏற்றினார்கள். யாரும் சொல்லாமலே ஜனம் உள்ளே நகர்ந்து நின்றது, ஜன்னலோர இருக்கையைக் காலி செய்தது. கண்டக்டர் அந்த இருக்கையையே பார்த்துக்கொண்டு இருந்ததில் ஒருத்தருக்கும் டிக்கெட்டில் ஓட்டை நேராக விழவில்லை. அன்று டிரைவர் ஒரு பள்ளத்தில்கூட வண்டியை விடவில்லை. அதை நாங்கள் பிற்பாடுதான் யோசித்துப் பார்த்தோம்.

காது மூக்கு தொண்டை டாக்டரம்மா கறாரானவர். தலையணையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், மெத்தையில் நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார். "வாய் எங்க இருக்குன்னு தெரிஞ்சா ஆன்னு சொல்லச் சொல்லலாம். சரி, பரவால்ல" என்று சொல்லிவிட்டு, அளவுக்கு மீறிய ஒலிபரப்பால் தொண்டை வறண்டிருக்கிறது, ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது என்று சான்றிதழ் எழுதினார். ஊழியர் என்பதால் விடுப்பு உடனே கிடைத்தது. பாட்டு படுத்த இடத்தில் போர்வை லேசாகக் குழிந்து, மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஊர் திரண்டு பார்க்கப் போனது. போனவர்கள் சும்மா பார்த்துவிட்டு வந்திருக்கலாம். "ஒரே ஒரு வரி பாடேன், நல்லா இருக்கியான்னு தெரிஞ்சுக்கத்தான்" என்று ஒவ்வொருத்தரும் கேட்டார்கள். பஸ்ஸில் பிறந்து வளர்ந்த பாட்டு அது, யாரையும் இல்லை என்று திருப்பி அனுப்பத் தெரியாது. எல்லாருக்கும் ஒரு வரி பாடியது. ஒரு வாரத்தில் வரி போய்ச் சொல் போய், வெறும் மூச்சு மட்டும் மிஞ்சியது. இப்படி ஒரு காரியத்தை அன்பு மிகுந்த ஜனங்களால்தான் செய்ய முடியும். டாக்டரம்மா வார்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களை எல்லாம் துரத்தினார். கண்டக்டரை மட்டும் விட்டார். அவர் ஒவ்வொரு நடைக்கும் இடையில் ஓடி வந்து, கட்டிலருகே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இதுக்கப்புறம் எவ்வளவோ முயற்சி பண்ணேன், இன்னொன்னு வரவே இல்ல டாக்டர். எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்" என்றார். டாக்டரம்மா அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். "மருந்தெல்லாம் கேக்குது. ஆனா எந்திரிக்கணும்னு அதுக்கே தோணல. எந்திரிக்க ஒரு காரணம் வேணும், அது என் மருந்துக் கடையில இல்ல" என்றார்.

வானொலியின் தலைக்கு மேலும் கத்தி தொங்கியது. உள்ளூர்ப் பங்கு விழுந்துவிட்டதைப் பார்க்கத் தலைநகரிலிருந்து கொள்கை அதிகாரி ஒருத்தி வந்தாள். கொள்கையை எழுதியவர்களில் அவளும் ஒருத்தி, இளம் வயது, காலில் பழைய செருப்பு, கையில் எப்போதும் ஓர் ஆரஞ்சு. ஊழியர் நீண்ட விடுப்பில் போனால் பதிலி போட வேண்டும் என்பது விதி, ஆகவே பதிலிப் பாட்டு ஒன்றை உடனே நியமியுங்கள் என்றாள். "என் பாட்டுக்குப் பதிலியா? நாளைக்கு எனக்கும் பதிலி போடுவீங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். "நீங்க லீவு எடுத்தா போட்டுத்தான ஆகணும்" என்று அவள் நிஜமாகவே புரியாமல் சொன்னாள். ஊரில் ஒருத்தரும் முன்வரவில்லை. பாட்டு பிழைத்து வந்து, எனக்குப் பதில் இன்னொன்றா என்று கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது? வேறு வழி இல்லாமல் அக்கா, பாட்டு வரவேண்டிய நேரத்தில் பாட்டின் நீளத்துக்கு மௌனத்தை ஒலிபரப்பினார். மௌனமும் எங்கள் ஊரில் தயாரானதுதானே என்பது அவர் வாதம். அதிகாரி தலைநகரைக் கேட்டாள். மௌனத்தை யாரும் நேயர் விருப்பத்தில் கேட்கவில்லை, ஆகவே அதை வெகுசன இசையில் சேர்க்க முடியாது என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரு பாட்டு வராவிட்டால் நிலையத்தை மூடுவதைத் தவிர வழியில்லை என்று அவள் சொன்னபோது, அவள் முகமும் வாடித்தான் இருந்தது. உரித்த ஆரஞ்சை அப்படியே கையில் வைத்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் பஸ் பிதுங்கி வழிந்தது. பாட்டு படுத்ததிலிருந்து வண்டியின் அகலமும் குறைந்துவிட்டது, ஒருத்தர் மூச்சு விட்டால் இன்னொருத்தர் சட்டைப் பொத்தான் தெறிக்கும். அதிகாரியும் அந்த நெரிசலில்தான், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிரைவருக்குத் தலைக்குமேல் இருந்த ரேடியோவில் ஆறு வெளியூர்ப் பாட்டு முடிந்து, அக்காவின் மௌனம் தொடங்கியது. எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள், இறந்தவருக்கு எழுந்து நிற்பதுபோல. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. நீதிமன்றத்து வளைவு தாண்டியதும் டிரைவர் ஸ்டியரிங்கில் விரலால் தட்ட ஆரம்பித்தார். பிறகு, தலையைத் திருப்பாமல், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், வருடக் கணக்கில் பயன்படுத்தாத கரகரத்த குரலில் பாடினார். "எங்கய்யா எடம் இருக்கு, எட்டிப் பாத்துச் சொல்லய்யா. என் முதுகுல மூச்சு விடுறான், எவன்னு கேட்டுச் சொல்லய்யா." மூட்டைக்காரர்தான் முதலில் சிரித்தார், ஏனென்றால் அந்த மூச்சு அவருடையது. பிறகு வண்டி மொத்தமும் சிரித்தது. டிரைவர் சிரிக்கவில்லை. அவர் அடுத்த வரிக்குப் போனார். "ஊரையெல்லாம் பாட்டுல ஏத்தி ஒக்கார வச்சியே, ஓட்டுறவன் ஒருத்தன் இருந்தான், எங்க எறக்கி விட்டியோ."

சிரிப்பு நின்றுவிட்டது. பின்படியில் நின்ற கண்டக்டர் கையில் இடுக்கியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். இத்தனை வருடக் கோபத்துக்கும் காரணம் இதுதான் என்று அந்த நொடியில்தான் அவருக்கும் தெரிந்தது, எங்களுக்கும் தெரிந்தது. "மச்சானுக்கு எப்பவும் சீட்டு இருக்கேன்னு விட்டுட்டேனே. நின்னுட்டு வர்றவங்களப் பத்தித்தான பாட்டு" என்று அவர் பக்கத்தில் நின்ற வக்கீல் குமாஸ்தாவிடம் சொன்னார், குமாஸ்தா அதை முன்னால் நின்றவரிடம் சொன்னார், அவர் அடுத்தவரிடம் சொன்னார், இப்படியே கை மாறிக் கை மாறி அது டிரைவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் ஒரு தடவை ஹாரன் அடித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பாட்டை நிறுத்தவில்லை. இரண்டாம் சுற்றில் குடைக்காரம்மா கூடச் சேர்ந்தாள், மூன்றாம் சுற்றில் எல்லாரும் சேர்ந்தார்கள். கண்டக்டர் தன்னையறியாமல் தகரத்தில் அறைந்து தாளம் போட்டார். தன்னைத் திட்டும் பாட்டுக்குத் தானே தாளம் போட்ட முதல் மனுஷன் அவராகத்தான் இருப்பார். அந்தக் கச்சேரியோடு வண்டி ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்குள் நுழைந்தது.

கண்டக்டர் ஒரு விசில் அடித்தார், வண்டி நின்றது, பாட்டு நிற்கவில்லை. மேல் மாடி ஜன்னல்களில் நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். அப்போது பொது வார்டிலிருந்து ஓர் இருமல் கேட்டது. பின்னாலேயே இன்னொரு சத்தம். அதுவும் இருமல்தான் என்று நினைத்தோம், பிற்பாடு டாக்டரம்மா சொன்னார், அது சிரிப்பு. பாட்டு பிறந்ததிலிருந்து போகிறவர் வருகிறவர் எல்லாரையும் பார்த்து ஒரே பேச்சாகப் பேசிக்கொண்டிருந்தது, ஒருத்தராவது திருப்பி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்கள் கேட்டோம், ரசித்தோம், திரும்பத் திரும்பப் போடச் சொன்னோம், பதில் சொல்லவில்லை. இதோ ஒருவன் வந்து எங்கய்யா இடம் என்று சண்டைக்கு நிற்கிறான். யாருக்குத்தான் படுத்திருக்கத் தோன்றும்? போர்வை விலகியது. ஜன்னல் கதவு ஆடியது. கரகரப்பாக, ஆனால் முழுசாக, தெருவுக்கே கேட்கும்படி பாட்டு பாடியது. "உள்ள எடம் இருக்கு." டிரைவர் விடவில்லை, "எங்கய்யா எடம்" என்றார். அது இடம் இருக்கிறது என்றது. இவர் எங்கே என்றார். இப்படி ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பாட்டு சற்று நிறுத்தி, யாரும் அதுவரை கேட்டிராத ஒரு வரியைத் தானாகவே பாடியது. "முன்னால போற மச்சானே, மொகத்தத் திருப்ப வேணாம். உன் முதுகு ஒண்ணு போதுமய்யா, ஊரு போய்ச் சேரலாம்."

அந்த வரியைக் கண்டக்டர் எழுதவில்லை. பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டும், தலைநகரிலிருந்து எழுத்தில் கேட்டும், தன்னுடையது இல்லை என்றுதான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டபோது பின்படியில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார், அழுதுகொண்டே தகரத்தில் தட்டினார். டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார், நெற்றி பட்டு ஹாரன் நீளமாக ஒலித்தது. பாட்டு மாடிப்படி இறங்கி, வாசலில் நின்ற டாக்டரம்மாவைத் தாண்டி வந்து, வண்டியில் ஏறியது. ஏறியதும் வண்டியின் பக்கங்கள் இரண்டும் முனகிக்கொண்டு விலகின, பொத்தான் தெறித்தவர்கள் எல்லாரும் ஒரு பெருமூச்சு விட்டார்கள். டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல்முறையாகத் தலையைத் திருப்பினார். "போலாமா மாப்ள?" என்றார். கண்டக்டருக்கு விசில் ஊத வாய் குவியவில்லை. "போலாம் மச்சான்" என்று வாயாலேயே சொன்னார். வண்டி கிளம்பியது.

அன்று மாலையே டிரைவர் பாட்டு வானொலியில் ஏறியது. அக்கா அதையும் பழைய பாட்டையும் மாற்றி மாற்றிப் போட்டார். நடுவில் புகுந்தவள் தையல்காரம்மா. இருவரும் வருடக் கணக்கில் தன்னைப் படுத்திய பாட்டுக்கு அவள் பயிற்சிக் கூடத்தில் தையல் மெஷினையே கொண்டு வந்து வைத்து, அதை மிதித்துக்கொண்டே பாடினாள். "ஊருக்கெல்லாம் எடம் குடுத்த ஒசந்த மனுஷா, வீட்டு பெஞ்சில கால நீட்டினா நான் எங்க ஒக்கார?" அண்ணனுக்கும் ஒரு அடி வைத்திருந்தாள், அது இன்னும் காரம், எழுத முடியாது. அப்புறம் யாருக்கும் கூச்சம் இல்லை. குடைக்காரம்மா தன் கோபத்தை மடக்கச் சொன்னதற்குப் பதில் கொடுத்தாள். மூட்டைக்காரர் மூட்டையில் என்ன இருந்தது என்று பாடினார், தெரிந்துகொள்ள ஊரே துடித்தது, கடைசி வரியில் சொல்லாமல் விட்டுவிட்டார். வக்கீல் குமாஸ்தா தூக்கத்திலேயே ஒன்று கட்டினார், நல்ல தாலாட்டு. கண்டக்டர் எல்லாப் பதிவுக்கும் கூடவே போய் நின்றார். புருவத்தைத் தூக்குவதற்குப் பதிலாக, வாசலில் தயங்குகிறவர்களைப் பார்த்து, "உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு" என்று தள்ளிவிட்டார். அதிகாரி ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள் போய், இன்னொரு நாளும் போய், கடைசியில் அவளும் கையில் ஆரஞ்சோடு நின்று, கொள்கை வகுப்பவர்கள் பஸ்ஸில் போக வேண்டிய அவசியம் பற்றி ஒன்று பாடினாள். கொஞ்சம் நீளம்தான், நாங்கள் கைதட்டினோம்.

அவள் போய்க் கொள்கையைத் திருத்த வைத்தாள். எந்தப் பாட்டையும் மூச்சு வாங்கவிடாமல் போடக் கூடாது, ஒரு பாட்டு பிரபலமானால் அதற்குப் பதில் பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு முதல் உதவி என்று சேர்த்தார்கள். மற்ற ஊர்களிலும் பாட்டுகள் எதிரெதிரே பேச ஆரம்பித்தன, சில இடங்களில் சம்பந்தமும் செய்துகொண்டன. தையல்காரம்மாவின் பாட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பல்லவி பிறந்தபோது பிள்ளைப்பேறு விடுப்புக் கேட்டு விண்ணப்பம் போனது. நிதித் துறை ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு அதையும் கொடுத்தது. வருடங்கள் ஓடின. அக்காவுக்கு உதவிக்கு ஆள் வந்தது, வாசலில் கோலி விளையாடிய பிள்ளைகளே வளர்ந்து கிடார் தூக்கிக்கொண்டு மாடி ஏறின. எங்கள் பாட்டும் வயது ஆகி, முறையாக ஓய்வு பெற்றது. அன்று டெப்போவில் சின்ன விழா, மேஜைமேல் ஒரு மாலை, அதன்மேல் பாட்டு. டிரைவரும் கண்டக்டரும் அதே வருடம்தான் ஓய்வு பெற்றார்கள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, யார் முதலில் பேசுவது என்று சண்டை போட்டார்கள்.

ஓய்வு பெற்ற ஊழியருக்கு உரிய இலவச பாஸில் பாட்டு இப்போதும் தினம் பஸ்ஸில் வருகிறது. டிரைவருக்கு நேர் பின்னால் உள்ள இருக்கை அதற்கு. வண்டி புதிது, டிரைவரும் கண்டக்டரும் புதியவர்கள், ஆனாலும் அந்த இருக்கை மாறவில்லை. வெளியூர் ஆள் யாராவது ஏறி, காலியாக இருக்கிறதே என்று பார்த்து, "இங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்பார்கள். "பாட்டு உக்காந்திருக்கு" என்போம். அவர்கள் சரி என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கொஞ்ச தூரம் போனதும் அதற்கே மனசு கேட்காது. இருக்கையின் ரெக்சின் ஜன்னல் பக்கமாகச் சுருங்கி நகரும், மெல்லிய கரகரப்பில் இடம் இருக்கிறது என்று கேட்கும், வெளியூர்க்காரர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார்.